நிலம் கூட்டுதல்: ஒரு வன்னி வீடும் வக்கியூம் கிளீனரும்

போன வருஷம் சோளகம் வீசத் தொடங்கின ஒரு பின்னேரம், சுவிஸிலிருந்து சின்னம்மா வட்ஸ்அப்பில் கூப்பிட்டா. "அக்கா, கப்பலுக்குப் பெட்டி போடப் போறன். வக்கியூம் கிளீனர் ஒண்டும் வைச்சு விடட்டோ?" அம்மா யோசிக்காமலே, "எங்களுக்கு என்னத்துக்கு அது? தும்புத்தடி கிடக்குத்தானே" எண்டு சொல்லிப்போட்டா. சொன்ன பிறகு நிலத்தைப் பார்த்தா. காலையில் கூட்டின நிலம். விறாந்தைக் கதவடியில் நாய் மயிர் பஞ்சு மாதிரி உருண்டு கிடந்தது. காத்து அடிக்க அது எழும்பி ஓடி, அம்மம்மாவின் கட்டிலுக்குக் கீழே போய்விட்டது.

(தமிழ்நாட்டு நண்பர்கள் 'மயிர்' என்ற சொல்லைக் கண்டு நெளிய வேண்டாம். எங்கட பக்கத்தில் அது வெறும் மயிர்தான்.)

எங்கட வீடு பரந்தனுக்குக் கிட்ட. இரண்டு நாய், ஒரு பூனை. மூன்றும் வீட்டுக்குள்தான் படுக்கிறது. அம்மம்மாவுக்குத் தொய்வு வருத்தம். தலையணைக்குப் பக்கத்தில் எப்போதும் பம்ப் இருக்கும். கடைசியாகக் கிளினிக்குக்குப் போனபோது சொன்னது இரண்டே வழி. ஒன்றில் நாய்களை வெளியே விடுங்கோ, இல்லாட்டி வீட்டுக்குள் மயிரும் தூசும் இல்லாமல் பாருங்கோ. முதலாவது வழியைப் பற்றி அம்மாவோடு கதைக்க ஏலாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். ஆக மிஞ்சினது இரண்டாவது. எந்த மெஷின் வாங்கலாம் என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. தேடத் தேட மெஷினின் கதையை விட, அது ஓடப்போகிற நிலத்தின் கதை எனக்குப் பெரிதாகிவிட்டது.

எங்கட பேச்சில் வீட்டுத் தரைக்கும் பெயர் நிலம்தான். "நிலத்தைக் கூட்டு", "நிலத்தில இரு", "நிலம் துடைச்சாச்சோ?" தோட்டம் செய்கிற காணியும் நிலம், குசினியில் தட்டு வைக்கிற இடமும் நிலம். அம்மம்மாவின் காலத்தில் இது உண்மையிலேயே ஒன்றுதான். கிளிநொச்சி 1936இல் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கின ஊர். யாழ்ப்பாணத்தில் காணி இல்லாத குடும்பங்களுக்கு இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் கிடைக்கும் என்று வந்தவர்கள் காடு வெட்டினார்கள். அம்மம்மாவின் தகப்பனும் பிறகு அப்படி வந்தவர்தான். முதலில் கொட்டில், பிறகு மண்சுவர், மேலே கிடுகு. உள்ளே நிலம் என்பது வெளியே இருந்த அதே மண்ணைத் தண்ணி தெளித்து இடித்து இறுக்கினது.

அதை மெழுகுவார்கள். புற்றுமண்ணையும் மாட்டுச் சாணியையும் தண்ணியில் கரைத்து, குந்தியிருந்து, கையாலே அரைவட்டம் அரைவட்டமாக இழுத்துக்கொண்டு பின்னுக்கு நகர்வார்கள். வாசலுக்கு வந்து சேரும்போது வீடு முழுக்க மீன் செதில் மாதிரிக் கோலம் தெரியும். காயுமட்டும் ஒருவரும் உள்ளே போக ஏலாது. இதில் நான் முன்பு யோசிக்காத ஒன்று இருக்கிறது. மெழுகுகிறபோது தூசை வீட்டை விட்டு வெளியேற்றுவது இல்லை. அதை நிலத்தோடு சேர்த்து ஒட்டுகிறோம். நேற்றையப் புழுதி இன்றைய தரையாகிறது. ஒரு நாய் வந்து படுத்தெழும்பினாலும் அதன் மயிரில் பாதி அந்த மெழுகுக்குள் போய்விடும். மிச்சமும் மண்ணிற நிலத்தில் கண்ணுக்குத் தெரியாது.

நாய் வந்து படுத்தால் என்று சொன்னேன். உண்மையில் அந்தக் காலத்தில் நாய் உள்ளே வராது. அதன் இடம் முற்றம். பன்றி வந்தால், குரங்கு வந்தால், யானை வேலியடிக்கு வந்தால் குரைக்க வேண்டும். சில வீடுகளில் வேட்டைக்கும் போக வேண்டும். அதற்குச் சோறு போடுவார்கள், பெயர் வைப்பார்கள், ஆனால் நிலைப்படி தாண்ட விடமாட்டார்கள். தாண்டினால் விளக்குமாறு பறக்கும். இந்த விளக்குமாறு என்ற சொல்லும் அழகானது. விளக்குதல் என்றால் துலங்கச் செய்தல், மாறு என்றால் குச்சிக்கட்டு. ஈர்க்குக் கட்டினது முற்றத்துக்கு, தென்னந்தும்பு கட்டின தும்புத்தடி வீட்டுக்குள்ளுக்கு. மெழுகின நிலத்தில் தும்பு மெதுவாகப் போகும், நிலத்தைக் கிழிக்காது. ஒவ்வொரு நிலமும் தனக்கென்று ஒரு விளக்குமாற்றைப் பெற்றுக்கொள்கிறது என்பதை இங்கே கவனிக்கச் சொல்கிறேன், கட்டுரையின் கடைசியில் தேவைப்படும்.

இப்போ கொஞ்சம் குளிர்நாட்டுப் பக்கம் போய்வருவோம். வக்கியூம் கிளீனர் அங்கேதான் பிறந்தது, அதுவும் ஒரு நிலத்துக்காகத்தான் பிறந்தது. அந்த நிலம் கம்பளம். கம்பளம் குளிருக்கு நல்லது, தூசுக்கு இன்னும் நல்லது. கூட்டினால் தூசு உள்ளே இறங்கும், வெளியே கொண்டுபோய்த் தடியால் அடித்தால்தான் போகும். 1876இல் அமெரிக்காவின் கிராண்ட் ரெப்பிட்ஸ் நகரத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த மெல்வில் பிசெல், கடைக் கம்பளத்தில் ஒட்டின மரத்தூளை எடுக்க ஏலாமல், சில்லு உருளும்போது பிரஷ் சுழலுகிற ஒரு தள்ளுபெட்டிக்குக் காப்புரிமை எடுத்தார். அவர் 1889இல் இறந்த பிறகு அந்தக் கொம்பனியை நடத்தினவர் அவருடைய மனைவி அன்னா. ஆனால் அதற்கு உறிஞ்சத் தெரியாது. தள்ளும், பொறுக்கும், அவ்வளவுதான்.

உறிஞ்சலாம் என்று காட்டினவர் லண்டன் பொறியியலாளர் ஹியூபேர்ட் செசில் பூத். ஒரு மண்டபத்தில், காற்றை ஊதித் தூசைக் கிளப்புகிற மெஷின் ஒன்றை ஒருவர் செய்து காட்டினதை அவர் பார்த்திருந்தார். கிளம்பின தூசு திரும்பவும் அங்கேயே விழுந்தது. ஊதாமல் உள்ளுக்கு இழுத்தால் என்ன என்று கேட்டார். பிறகு ஒரு சாப்பாட்டுக்கடைக் கதிரையில் கைலேஞ்சியை விரித்து, வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். மூச்சு முட்டினது, ஆனால் கைலேஞ்சியின் மறுபக்கம் கறுப்பாகியிருந்தது. துணி தூசைப் பிடிக்கும், காற்றை விடும். இன்றைக்கு நீங்கள் கடையில் காசு கொடுத்து வாங்குகிற அத்தனை வடிகட்டிகளுக்கும் அந்தக் கைலேஞ்சிதான் பூட்டி. 1901இல் அவர் செய்த மெஷின் குதிரை வண்டியில் வந்து தெருவில் நிற்கும். பெற்றோல் எஞ்சின் ஓடும். நீளக் குழாய்கள் யன்னலுக்குள்ளால் போகும். ஏழாம் எட்வேர்ட் முடிசூட்டுக்கு முன்னம் 1902இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களை அதுதான் துப்புரவாக்கியது.

அதே 1901இல் இலங்கையில் என்ன நடந்தது தெரியுமோ? நாய்களைப் பதிவு செய்கிற கட்டளைச் சட்டம் வந்தது. லண்டனில் தூசுக்கு மெஷின், எங்களுக்கு நாய்க்குச் சட்டம். இரண்டும் எங்கட நாய்களைத் தொட நூறு வருஷத்துக்கு மேல் எடுத்தது.

பூத்தின் மெஷின் பணக்காரருக்கானது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்தவரை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர், ஒஹாயோவின் கான்ரன் நகரத்தில் ஒரு பெரிய கடையைத் துப்புரவு செய்கிற தொழிலாளி. அவருக்கு ஆஸ்துமா, அதாவது எங்கட அம்மம்மாவின் அதே தொய்வு. கம்பளம் கூட்டுகிற ஒவ்வொரு நாளும் இருமல். ஒரு மின்விசிறி மோட்டர், ஒரு தும்புத்தடிப் பிடி, ஒரு தலையணை உறை. இவ்வளவையும் பொருத்தி ஒரு மெஷின் செய்து, 1908இல் காப்புரிமை எடுத்தார். பிறகு உரிமையை வில்லியம் ஹூவர் என்ற தோல் வியாபாரிக்கு விற்றார். உலகத்துக்கு ஹூவரின் பெயர் தெரியும், ஸ்பாங்ளரின் பெயர் தெரியாது. இந்த மெஷினின் முதல் காரணம் ஒரு துப்புரவுத் தொழிலாளியின் நெஞ்சு என்பதை விளம்பரங்களும் சொல்வதில்லை.

1921இல் சுவீடனின் எலெக்ட்ரோலக்ஸ், நிலத்தோடு இழுபடுகிற நீள உருளை வடிவத்தைக் கொண்டுவந்தது. இந்தியாவில் 1982இல் யுரேக்கா ஃபோர்ப்ஸ் தொடங்கி, கழுத்துப் பட்டி கட்டின பெடியன்கள் வீடு வீடாகப் போய்க் கதவு தட்டி விற்றார்கள். எங்களுக்கு அடுத்த வருஷம் 1983. எங்கட பக்கத்துக் கதவைத் தட்டினது வேறு ஆட்கள்.

மெஷின் வீட்டுக்குள் வருவதற்கு இரண்டு விஷயம் தேவை. சீமெந்து நிலம், கரண்ட். வன்னியில் இரண்டும் இல்லை. 1990இலிருந்து பொருளாதாரத் தடை. சீமெந்து தடை, பெற்றோல் தடை, பற்றரி தடை. 1950இல் தொடங்கின காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் 1990இல் நின்றுபோனது. 1995 கடைசியில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்த சனம் பிறகு கிளாலிக் கடல் கடந்து வன்னிக்கு வந்தபோது, மரத்துக்குக் கீழ் மெழுகின நிலம்தான் அவர்களுக்கும் வீடு. சைக்கிளை மிதித்து டைனமோவில் ரேடியோ கேட்ட காலம் அது. மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்துப் படித்தார்கள். 2002இல் ஏ9 திறந்தபோது சிலர் சீமெந்து வாங்கி வீட்டு நிலத்துக்குப் போட்டார்கள். எங்கட அப்பாவும் போட்டார். பச்சைப் பவுடர் கலந்து, இழைத்து, கண்ணாடி மாதிரி. அம்மா அதை ஒரு நாளைக்கு மூன்று தரம் துடைப்பாவாம். 2006 ஓகஸ்டில் பாதை திரும்பப் பூட்டியது.

அந்த வீட்டில் ஒரு நாய் இருந்தது. பெயர் வீரன். எனக்கு அப்போது பத்து வயது. கிளிநொச்சி 2009 ஜனவரி 2இல் விழுவதற்குக் கன நாளுக்கு முதலே நாங்கள் வெளிக்கிட்டுவிட்டோம். தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று கிழக்கே கிழக்கே போனோம். டிராக்டர் பெட்டியில் அரிசி மூட்டை, தறப்பாள், அம்மம்மா, கூரைத் தகரம். வீரன் உடையார்கட்டு மட்டும் பின்னால் ஓடி வந்தது. பிறகு ஒரு இரவு பதுங்குகுழிக்குள் அது வரப் பார்த்தது. இடம் இல்லை என்று யாரோ தள்ளிவிட்டார்கள். விடிய நாங்கள் நகர்ந்தபோது அம்மா அதைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வரும் என்று அம்மாவுக்குத் தெரியும். இதைப் பற்றி அம்மா என்னோடு கதைத்தது ஒரே ஒரு தரம்தான், நானும் இதற்கு மேல் எழுதப் போவதில்லை. "நாய் வெளியே போகட்டும்" என்ற வசனம் எங்கட வீட்டில் ஏன் இல்லை என்று இப்போது விளங்கியிருக்கும்.

பிறகு செட்டிகுளம், மனிக்பாம். இரண்டரை இலட்சத்துக்கும் மேலான சனத்தைக் கூடாரங்களுக்குள் வைத்திருந்தார்கள். 2012 செப்டெம்பரில்தான் அந்த முகாம் முழுதாக மூடப்பட்டது. கூடாரத்துக்குள் நிலம் என்பது தறப்பாள். வெயிலுக்குக் கொதிக்கும், மழைக்கு மிதக்கும். அதையும் அம்மம்மா ஒரு கொப்பை முறித்துக் கூட்டிக்கொண்டு இருந்தா. "ஆற்ற நிலம் எண்டு கூட்டுறாய்?" என்று பக்கத்துக் கூடாரத்து ஆச்சி கேட்டதும், அம்மம்மா சிரித்ததும் எனக்கு ஞாபகம்.

மீளக் குடியேறின பிறகு எல்லாம் வேகமாக மாறினது. இந்திய வீட்டுத் திட்டத்தில் வீடொன்றுக்கு 550,000 ரூபா, கட்டங்கட்டமாக. மிச்சத்துக்கு நகை அடகு, கடன். வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கும், அங்கிருந்து சுன்னாகத்துக்கும் உயரழுத்த மின்வழி 2010களின் முற்பகுதியில் திரும்ப இழுக்கப்பட்டு, தேசிய மின்வலையோடு நாங்கள் இணைந்தோம். பிறகு வெளிநாட்டுக் காசில் டைல்ஸ். ஊருக்குள் பாதிப் பேர் அதை 'மாபிள்' என்றுதான் சொல்லுவினம். எல்லாரும் வெள்ளை அல்லது பால் நிறம் எடுத்தார்கள். வாழ்நாள் முழுக்க மண்ணில் இருந்தவர்களுக்கு வெள்ளை நிலம் ஒரு ஆசை, குற்றம் சொல்ல ஏலாது. ஆனால் வெள்ளை நிலம் ஒன்றையும் மறைக்காது. மெழுகின நிலம் விழுங்கின மயிரை டைல்ஸ் எடுத்துக் காட்டுகிறது. அதோடு நாயும் உள்ளே வந்துவிட்டது. எங்கட வீட்டில் மட்டுமில்லை, ஒழுங்கையில் நாலைந்து வீட்டில் அப்படித்தான். காரணம் கேட்டால் "களவு கூடிப்போச்சு" எண்டு சொல்லுவினம். இருக்கலாம்.

தும்புத்தடி டைல்ஸில் நாய் மயிரைக் கூட்டாது. தள்ளும், கிளப்பும், கொஞ்சத்தைத் தனக்குள் சிக்க வைத்துக்கொள்ளும். பூத் பார்த்த அந்த ஊதுகிற மெஷினின் வேலையைத்தான் அது செய்கிறது. தொய்வு உள்ள ஆளுக்கு அதுதான் ஆபத்து. ஒவ்வாமையைத் தருவது மயிர் இல்லை. விலங்கின் உமிழ்நீரிலும் தோலிலிருந்து உதிரும் பொடியிலும் உள்ள புரதங்கள். மயிர் அவற்றைச் சுமக்கிற வண்டி. வண்டி கண்ணுக்குத் தெரியும், சுமை தெரியாது. கூட்டுகிறபோது அந்தச் சுமை எழும்பி மணிக்கணக்காகக் காற்றில் நிற்கும்.

ஆக மெஷின் தேவை. சின்னம்மாவைத் திரும்பக் கூப்பிட்டோம். அவவுக்கு இதில் அனுபவம் கூட. 1980களிலிருந்து சுவிஸுக்குப் போன எங்கட ஆட்களில் கனபேர் முதலில் உணவகக் குசினியிலும் துப்புரவு வேலையிலும்தான் நின்றவை. சின்னம்மா இருபது வருஷமாகக் கந்தோர்களில் வக்கியூம் பிடிக்கிறா. "என்ர முதுகு தேஞ்சது இந்தச் சாமானாலதான்" எண்டு சிரித்துக்கொண்டு சொன்னா. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் 1983இல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார்; வேலையைக் குறைக்க வந்த வீட்டு மெஷின்கள் பெண்களின் வேலையைக் குறைக்கவில்லை, துப்புரவின் அளவுகோலைத்தான் உயர்த்தின என்பது அவருடைய வாதம். முன்பு ஆண்கள் கம்பளத்தைத் தூக்கி வெளியே அடித்துக் கொடுத்தார்கள். மெஷின் வந்த பிறகு அதுவும் பெண்ணின் தனி வேலையானது. எங்கட வீட்டில் நான் கொஞ்சம் வேறு மாதிரிப் பார்த்தேன். தும்புத்தடியைத் தொடாத என் தம்பி, மெஷின் என்றவுடன் "நான் பிடிக்கிறன்" எண்டு நின்றான். எவ்வளவு நாளைக்கு என்று பார்ப்போம்.

தெரிவுக்கு வருகிறேன். கடைக்காரரும் விளம்பரமும் முதலில் சொல்வது வாட்ஸ். 2000, 2400 என்று பெட்டியில் பெரிதாக அடித்திருக்கும். அது மெஷின் தின்கிற கரண்ட், இழுக்கிற பலம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் 1600 வாட்ஸுக்கு மேலும், 2017இல் 900 வாட்ஸுக்கு மேலும் விற்கக் கூடாது என்று சட்டம் போட்டது. அதற்குப் பிறகும் அங்கே வீடுகள் துப்புரவாகத்தான் இருக்கின்றன. 1400 வாட்ஸ் மெஷினை ஒரு நாளைக்குக் கால் மணித்தியாலம் ஓட்டினால் மாதம் பத்து அலகு கூடும். 60 அலகுக்குக் கீழே நிற்கிற எங்கட வீடு மாதிரி வீடுகளுக்கு, அந்தப் பத்து அலகு பட்டியலின் படியையே மாற்றிவிடும்.

அடுத்தது, எங்கேயிருந்து வருகிறது என்று பாருங்கோ. கனடாவிலிருந்து மாமா அனுப்பினால் வாங்காதேங்கோ. அங்கே 120 வோல்ட், இங்கே 230. செருகின கணமே மோட்டர் போய்விடும். சுவிஸ், ஜேர்மனி, லண்டன் என்றால் வோல்ட் பிரச்சினை இல்லை. பிளக்கை மட்டும் மாற்ற வேண்டும், லண்டன் என்றால் அதுவும் அநேகமாகத் தேவைப்படாது.

வயர் இல்லாத, பற்றரியில் ஓடுகிறது இப்போ எல்லாருக்கும் ஆசை. 2022 மார்ச் கடைசியில் நாளைக்குப் 13 மணித்தியாலம் கரண்ட் நின்றதை நினைத்தால் அது புத்தியான தெரிவு மாதிரித்தான் இருக்கும். ஆனால் பற்றரிக்கு எங்கட வெக்கை ஆகாது. பக்கத்து வீட்டு அண்ணா இணையத்தில் பார்த்து ஒன்று எடுத்தார். ஒரு வருஷத்துக்குள் ஐந்து நிமிஷம்தான் ஓடினது. மாற்றுப் பற்றரி கிளிநொச்சியிலும் இல்லை, வவுனியாவிலும் இல்லை. ரோபோ என்றால் எங்கட நிலைப்படி தாண்டாது. இரவில் நாய்க்குட்டி வயிற்றாலே போயிருந்தால் அந்த ரோபோ அதை வீடு முழுக்க மெழுகிவிடும், அம்மம்மாவின் சாணி மெழுகு மாதிரி, அரைவட்டம் அரைவட்டமாக.

இழுக்கிற முனைதான் உண்மையான விஷயம். நாய் பூனைக்கென்று விற்கிற மெஷின்களில் முரட்டு மயிர்க்கட்டைச் சுழல் பிரஷ் இருக்கும். அது பிசெலின் பேரன், கம்பளத்துக்குப் பிறந்தது. டைல்ஸில் அது மயிரை அடித்து எறியும், மணலை உருட்டிக் கீறும். எங்களுக்குத் தேவை வெறும் நிலத்துக்கான தட்டையான முனை, அல்லது மென்மையான துணி உருளை. குஷனுக்கும் பாய்க்கும் சின்னதாய் ஒரு சுழல்முனை கூட இருந்தால் நல்லது. மயிர் சுற்றினால் கத்தரிக்கோலால் வெட்டியெடுக்கக் கழற்றக்கூடியதோ என்று கடையிலேயே கழற்றிப் பாருங்கோ.

பையோ, பை இல்லாததோ? மரம் அரிகிற ஆலையில் தூளைப் பிரிக்கிற சுழல்காற்றுக் கோபுரத்தைப் பார்த்துத்தான் ஜேம்ஸ் டைசன் பை இல்லாத மெஷினை யோசித்தார். 5127 மாதிரிகள் செய்து பார்த்து, 1993இல் தன் சொந்தப் பெயரில் விற்றார். வசதி. ஆனால் வெறுமையாக்குகிறபோது பிடித்த தூசு முழுக்க முகத்துக்கு வரும். தொய்வு உள்ள வீட்டுக்குப் பை உள்ளதுதான் நல்லது. அந்தப் பை இங்கே வாங்க ஏலுமோ என்பதுதான் கேள்வி. ஏலாது என்றால் பை இல்லாததை எடுத்து, முற்றத்தில், காத்துக்கு முதுகு காட்டி நின்று, தொய்வு இல்லாத ஒருவர் கொட்ட வேண்டும். வெளியே போகிற காற்றுக்கு ஹெபா வடிகட்டி கட்டாயம். 1940களில் அணுகுண்டு செய்த இடத்தில் கதிர்வீச்சுத் துகளைப் பிடிக்க உருவான வடிகட்டி அது, இப்போ ஜிம்மியின் தோல் பொடியைப் பிடிக்கிறது. மெஷினின் மூட்டுகளால் காற்றுக் கசிந்தால் ஹெபா இருந்தும் பயன் இல்லை. எங்கட கிரவல் புழுதிக்கு வடிகட்டி கெதியில் அடைபடும். கழுவக்கூடிய முன்வடிகட்டி இரண்டு வைத்திருங்கோ. ஒன்று முழுதாய்க் காயுமட்டும் மற்றது ஓடட்டும். கராஜில் பாவிக்கிற பெரிய வாளி மெஷின் மலிவு, பலம் கூட. ஆனால் அநேகமானவற்றில் பின்பக்கத்தால் நுண்தூசு திரும்ப வெளியே வரும். அம்மம்மா இருக்கிற வீட்டுக்கு அது வேண்டாம்.

ஒரு விஷயம் எந்தப் பட்டியலிலும் நான் பார்க்கவில்லை. சத்தம். போன தையில் வவுனியாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் நின்றபோது, அவர்கள் ஒரு பழைய வக்கியூமைப் போட்டார்கள். அது தொடங்கும்போது கீழிருந்து மேலே ஏறுகிற ஒரு ஊளை. அம்மம்மா கதிரையிலிருந்து இறங்கி, நிலத்தில், மேசைக்குக் கீழே இருந்தா. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கிபிர் வருகிற சத்தம் எங்கட வயதுக்காரருக்கும் தெரியும். ஆக சின்னம்மாவிடம் முதலில் சொன்னது இதுதான்: சத்தம் குறைஞ்சது. ஐரோப்பாவில் 2017இலிருந்து 80 டெசிபெலுக்கு மேல் விற்க ஏலாது, 65க்குக் கிட்டவும் மெஷின்கள் இருக்கின்றன. மெதுவாகத் தொடங்கி ஏறுகிற சுவிட்ச் உள்ளதாக வேண்டும். கொம்பனியில் சும்மா கொடுக்கிற பழையதைச் சின்னம்மா கடையில் போட்டுக் கேட்டுப் பார்த்து, வேண்டாம் எண்டுபோட்டா.

பெட்டி வருமட்டும் செய்தவை: ஒவ்வொரு நாளும் பின்னேரம் மூன்றையும் முற்றத்தில் வைத்துச் சீவினோம். யன்னல் துடைக்கிற றப்பர்த் தடியால் நிலத்தை இழுத்தால் மயிர் கயிறு மாதிரித் திரண்டு வருகிறது, தூசும் எழும்பாது. குஷனுக்கு ஈரமான றப்பர்க் கையுறை. பிறகு ஈரத்துணி. இதுக்கே அம்மம்மாவின் இரவு இருமல் குறைந்தது. மெஷின் வாங்க வசதி இல்லாதவர்கள் இதைச் செய்தாலே பாதி வேலை முடியும்.

இரண்டு மாதம் கழித்துப் பெட்டி வந்தது. சொக்லேட், சவர்க்காரம், அம்மம்மாவுக்குக் கம்பளிச் சட்டை (வன்னியில்!), எல்லாத்துக்கும் கீழே நீலநிற மெஷின். தம்பி பிளக்கை மாற்றினான். அம்மம்மாவுக்கு முதலே சொல்லி, பக்கத்தில் இருத்தி, சுவிட்சை அவவின் கையாலேயே போடச் சொன்னோம். பூனை அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது. ஜிம்மி வாசலில் நின்று குரைத்தது, ஆனால் வெளியே போகவில்லை. கால் மணித்தியாலம் ஓடின பிறகு அம்மா கிண்ணத்தைக் கழற்றி முற்றத்துக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. காலையில் கூட்டின நிலத்திலிருந்து வந்த மயிரும் சிவப்புப் புழுதியும்.

"இவ்வளவும் உள்ளுக்கையோ கிடந்தது?" எண்டு கேட்டுவிட்டு, அதை வாழையடியில் கொட்டினா.